பரணில் கிடக்கும் மெடலுக்கு என்ன விலை? விற்கும் முன் ‘தாய்ப்பத்திரம்’ எழுதுங்கள்!

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னை வீராங்கனை பவானி தேவி பிடித்த வாள் ஞாபகம் இருக்கிறதா? ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர். முதல் சுற்றில் துனீசியா வீராங்கனையை 15-3 என்று வீழ்த்தினார். அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் ப்ரூனேவிடம் தோற்றார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால், அவர் கையெழுத்துப் போட்டுப் பிரதமருக்குப் பரிசளித்த வாள், 2021ல் மத்திய கலாச்சார அமைச்சகம் நடத்திய மின்-ஏலத்தில் 1.25 கோடி ரூபாய்க்குப் போனது. அதே ஏலத்தில் நீரஜ் சோப்ராவின் ஈட்டி 1.5 கோடி. குத்துச்சண்டை வீராங்கனை லவ்லினாவின் கையுறை 91 லட்சம்.

இதைப் படித்துவிட்டு, தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கும் இண்டூர் மாதிரி ஒரு ஊரில் யாராவது பரணை அண்ணாந்து பார்த்தால் ஆச்சரியமில்லை. அப்பா கபடியில் வாங்கிய கேடயம், அக்கா மாநிலப் போட்டியில் வாங்கிய மெடல், சித்தப்பா வாலிபால் ஆடிய காலத்து பனியன் என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். “இதெல்லாம் காசு ஆகுமா?” என்பது நியாயமான கேள்வி.

நேர்மையான பதில்: பெரும்பாலானவை காசு ஆகாது. ஆனால், காசு ஆகக்கூடிய சில பொருள்களும்கூட நம் ஊர்களில் பழைய இரும்பு விலைக்குத்தான் போகின்றன. அதற்குக் காரணம் பொருளின் தரமில்லை, அதோடு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததுதான். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கத் தெரிந்த நமக்கு, மெடலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றுவதில்லை.

விலை உலோகத்துக்கா, கதைக்கா?

பாரிஸ் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம். அதில் தங்கம் வெறும் 6 கிராம், மேல்பூச்சு மட்டும்தான். மீதியில் பெரும்பகுதி வெள்ளி, நடுவில் ஈஃபில் கோபுரத்திலிருந்து எடுத்த 18 கிராம் இரும்பு. நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்துச் சொல்லும் விலையும் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் இரண்டு வெவ்வேறு உலகங்கள்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில், ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்க நான்கு தங்கம் வென்றார் கறுப்பின அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். அதில் ஒரு பதக்கம் 2013 டிசம்பரில் 14,66,574 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் அந்த நாளுக்கான விலை, உலோகத்துக்கான விலை அல்ல.

ஆக, சேட்டுக் கடையில் எடை போட்டுப் பார்ப்பது மதிப்பீடு ஆகாது. பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

மதிப்பை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஏலக்காரர்கள் கேட்கும் கேள்விகள் சுலபமானவை. யாருடையது? எந்தப் போட்டியில் பயன்படுத்தியது? நிஜமாகவே களத்தில் பயன்பட்டதா, இல்லை கடையில் வாங்கிக் கையெழுத்து மட்டும் போட்டதா? இதே மாதிரி எத்தனை இருக்கின்றன? எந்த நிலையில் இருக்கிறது? கடைசியாக, இதை வாங்க எத்தனை பேர் போட்டி போடுவார்கள்?

இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு தோனியே சாட்சி. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், வான்கடே மைதானத்தில் அவர் சிக்ஸர் அடித்து முடித்துவைத்த மட்டை, அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த அறக்கட்டளை விருந்தில் 1 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் 70 லட்சம் ரூபாய்க்கு மேல். 2024 ஆகஸ்டில் கே.எல்.ராகுலும் அதியா ஷெட்டியும் நடத்திய அறக்கொடை ஏலத்தில் தோனியின் இன்னொரு மட்டை 13 லட்சத்துக்குப் போனது. அதே மனிதர்தான். ஆனால், ஒரு மட்டைக்குப் பின்னால் ஒரு நாடே பார்த்த ராத்திரி இருக்கிறது.

ராகுல் ஏலத்தின் மற்ற விலைகளையும் பாருங்கள். விராட் கோலியின் ஜெர்ஸி 40 லட்சம், அவருடைய கையுறை 28 லட்சம், ரோஹித் சர்மாவின் மட்டை 24 லட்சம், ராகுல் திராவிட்டின் மட்டை 11 லட்சம். மொத்தம் 1.93 கோடி. இந்திய கிரிக்கெட்டில் திராவிட்டின் இடம் என்ன என்பதை இந்தப் பட்டியல் சொல்லவில்லை. இன்றைக்கு எத்தனை பேர் கையில் பணத்தோடு போட்டி போடுகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன இந்திய விலைகளில் எதுவுமே சந்தை விலை கிடையாது. எல்லாம் ஒரு நல்ல காரியத்துக்கு அல்லது அரசுத் திட்டத்துக்கு நிதி திரட்டிய ஏலங்கள். பவானி தேவியின் வாளுக்கு வந்த பணம் கங்கையைச் சுத்தப்படுத்தும் ‘நமாமி கங்கே’ திட்டத்துக்குப் போனது. இப்படிப்பட்ட ஏலத்தில் வாங்குகிறவர் பொருளுக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. நல்ல பெயருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். நீரஜின் ஈட்டியை வாங்கியது பிசிசிஐ என்ற செய்தியும் பின்னால் வந்தது. எனவே, “அந்த வாள் ஒண்ணேகால் கோடி, அப்போ என் அக்கா வாங்கிய மெடல் அஞ்சு லட்சமாவது போகாதா?” என்று கணக்குப் போடக் கூடாது. நம் பொருளைப் போன்ற பொருள் கடைசியாக என்ன விலைக்கு விற்றது என்பதுதான் சரியான அளவுகோல். அப்படி ஒரு விற்பனையே நடந்ததில்லை என்றால், விலை என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம்.

கபடிக்கு நிலைமை இதுதான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன். அவருடைய வாழ்க்கையை ஒட்டி வந்த ‘பைசன்’ படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. ஆனால், ஒரு கபடி வீரரின் பனியனுக்கு என்ன விலை என்று கேட்டால், கிரிக்கெட்டைப் போல ஒப்பிட்டுச் சொல்ல ஏல விலைப் பட்டியல் கிடையாது.

அழுக்கு இருந்தால் பரவாயில்லை, துலக்காதீர்கள்

நம் வீட்டில் மெடல் கறுத்துப்போனால் முதலில் தேடுவது புளியை. இல்லையென்றால் பீதாம்பரி. பளபளவென்று ஆகிவிடும், மதிப்பும் அதோடு போய்விடும். வயசான பொருளுக்கு வரும் அந்த நிறமே அது பழையது என்பதற்கு ஒரு சாட்சி.

2024 டிசம்பரில் சிட்னியில் போன்ஹாம்ஸ் நிறுவனம் டான் பிராட்மேனின் பச்சைத் தொப்பி ஒன்றை ஏலம் விட்டது. 1947-48ல் சுதந்திர இந்தியாவின் அணி முதன்முதலாக ஆஸ்திரேலியா போனபோது நடந்த தொடரில் அவர் அணிந்தது. இந்திய அணியின் மேலாளர் பங்கஜ் குப்தாவுக்கு பிராட்மேன் அதைக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. வெயிலில் வெளுத்து, பழசாகிப்போன தொப்பி அது. யாரும் அதைப் புதுசாக்க முயலவில்லை. 3,90,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சுத்தியல் விழுந்தது.

நாம் செய்யும் இன்னொரு தப்பு, சான்றிதழை லேமினேஷன் செய்வது. ஒருமுறை ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. மை, காகிதம் எதையும் சோதித்துப் பார்க்கவும் முடியாது. சான்றிதழைத் தனி உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும். பனியனைத் துவைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

மெடலின் தாய்ப்பத்திரம்

ஏல உலகத்தில் ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்ற வரலாறுதான் எல்லாமே. நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது மாதிரி, இதற்கும் பார்ப்பார்கள்.

1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா ‘கடவுளின் கை’ கோல் போட்டபோது அணிந்திருந்த சட்டையை எடுத்துக்கொள்வோம். போட்டி முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அவரோடு சட்டையை மாற்றிக்கொண்டார். பல ஆண்டுகள் அதை மான்செஸ்டரில் உள்ள தேசிய கால்பந்து அருங்காட்சியகத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். 2022ல் சோத்பீஸ் நிறுவனம் ஏலம் அறிவித்ததும், “அது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்தபோது போட்டது வேறு” என்று மாரடோனா குடும்பத்திலிருந்து குரல் வந்தது. கோல் இரண்டும் இரண்டாம் பாதியில்தான் விழுந்தன. நிறுவனம் பதறவில்லை. போட்டியில் எடுத்த புகைப்படங்களோடு சட்டையின் சின்னம், கோடுகள், எண் ஒட்டியிருக்கும் விதம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த நிபுணர் அறிக்கை கையில் இருந்தது. சட்டை 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் 1932ல் அணிந்த ஜெர்ஸியின் கதை இன்னும் அதிரடி. 2005ல் அதன் விலை 9,40,000 டாலர். பிறகு, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, அந்த இறுதித் தொடரின் புகழ்பெற்ற மூன்றாவது ஆட்டத்தில் அணிந்தது இதுதான் என்று உறுதி செய்தார்கள். 2024 ஆகஸ்டில் விலை 2 கோடியே 41 லட்சம் டாலர். இடைப்பட்ட காலத்தில் சந்தையும் வளர்ந்தது உண்மைதான். ஆனால், அதே துணி, அதே பொத்தான். புதிதாகச் சேர்ந்தது ஆதாரம் மட்டுமே.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவது ஒன்றும் கஷ்டமில்லை. இன்று விளையாடுகிற பிள்ளை ஜெயித்து வந்ததும், அந்தப் பனியனையோ மெடலையோ கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் போட்டியின் பெயர், தேதி, மைதானம், எதிரணி, பனியன் எண், முடிவு ஆகியவற்றை எழுதி வீரரும் பயிற்சியாளரும் கையெழுத்துப் போடட்டும். மறுநாள் பேப்பரில் செய்தி வந்திருந்தால் வெட்டி, தேதியோடு சேர்த்து வையுங்கள். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

பழைய பொருள் என்றாலும் இப்போதே செய்யலாம். வீரர் உயிரோடு இருக்கும்போதே அவரை உட்காரவைத்து, பொருளைக் காட்டி, அதன் கதையை செல்போனில் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். அவர் போன பிறகு “அப்பா சொல்லுவார்” என்று நாம் சொல்வது எந்த ஏல நிறுவனத்திலும் பாதிக்குப் பாதிகூட எடுபடாது.

கையெழுத்தா? ரொம்ப உஷார்

கையெழுத்துப் போட்ட பந்து, மட்டை, போட்டோ ஆகியவற்றில்தான் போலிகள் அதிகம். அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் வலை விரித்தது. பிரபலங்களின் கையெழுத்தைத் தொழிற்சாலை மாதிரி போட்டுத் தள்ளிய கும்பல் மாட்டியது. சிக்கிய பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால், இப்படிப்பட்டவற்றையும் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தார்கள்.

அங்கே கையெழுத்தைச் சோதித்துச் சான்று தருவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. பேஸ்பால் லீக் போட்டி நடக்கும்போதே, பயன்படுத்திய பந்தில் ஆள் வைத்து ஹாலோகிராம் ஒட்டுகிறது. இங்கே ‘அசல் சான்று’ என்று தரும் காகிதத்தைப் பார்த்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதைக் கொடுத்தவர் யார், நாளைக்குப் பொய் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவாரா? விற்கிறவரே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் சான்றிதழ், தன் மாம்பழம் இனிக்கும் என்று வியாபாரி சொல்வது மாதிரிதான்.

ஏலம், கமிஷன்: நமக்குத் தெரிந்த விஷயம்தான்

‘கன்சைன்மென்ட்’ என்ற வார்த்தை மிரட்டலாக இருக்கும். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவர் என்ன செய்கிறார்? பொருளை மண்டியில் இறக்குகிறார். விற்றுக் கொடுப்பவர் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். விற்கும்வரை பொருள் நம்முடையது. அதேதான் இது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் பார்த்திருந்தால், தரம் பார்ப்பது, விலை கேட்பது எல்லாம் உங்களுக்கு அத்துப்படி.

வித்தியாசம் இரண்டு. தக்காளி இன்று போகாவிட்டால் நாளை அழுகிவிடும், அதனால் அவசரம். மெடலுக்கு அவசரமே இல்லை. அவசரப்படுத்துகிறவர் இருந்தால் அவர் உங்கள் நன்மைக்காகச் செய்யவில்லை. இரண்டாவது, பெரிய ஏல நிறுவனங்கள் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகின்றன.

பிராட்மேன் தொப்பியையே பார்ப்போம். சுத்தியல் விழுந்த விலை 3,90,000 டாலர். வாங்கியவர் கட்டணங்களோடு சேர்த்துக் கொடுத்தது 4,79,700 டாலர். அதாவது மேலே சுமார் 23 சதவீதம். செய்தியில் வரும் பெரிய தொகை பல நேரம் இந்த இரண்டாவது எண்தான். விற்றவருக்குப் போவது முதல் எண், அதிலும் அவருடைய பங்குக் கமிஷன் கழித்துத்தான்.

ஒரு கணக்குக்கு, உங்கள் பொருள் 1 லட்சத்துக்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவரிடம் 20 சதவீதம் கூடுதல் வசூலித்தால் அவர் கொடுப்பது 1,20,000. உங்களிடம் 15 சதவீதம் கமிஷன் பிடித்தால் வருவது 85,000. போட்டோ, காப்பீடு, கூரியர் என்று 5,000 கழித்தால் கையில் 80,000. நடுவில் 40,000 நிற்கிறது. ஜிஎஸ்டி தனி. இது அநியாயம் என்று சொல்லவில்லை. சரியான ஆளைத் தேடிப் பிடித்து, பொருளைச் சோதித்து, பணத்தை வசூலித்துத் தருவதும் ஒரு வேலைதான். ஆனால், கையெழுத்துப் போடும் முன்னாலேயே இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

வாய்ப்பேச்சு வேண்டாம். பின்வரும் விஷயங்கள் காகிதத்தில் இருக்கட்டும்:

- பொருளின் முழு விவரம், எல்லாப் பக்கமும் எடுத்த போட்டோ, கீறல், கறை உட்பட.
- இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலை. அது இல்லாவிட்டால் ஒரே ஒருவர் கேட்டாலும் அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.
- கமிஷன் எத்தனை சதவீதம், வேறு என்னென்ன செலவு பிடிப்பார்கள்.
- பொருள் அவர்களிடம் இருக்கும்போது தொலைந்தாலோ சேதமானாலோ எவ்வளவு தருவார்கள், காப்பீடு யார் பெயரில்.
- விற்காவிட்டால் எத்தனை நாளில், யார் செலவில் திரும்ப வரும்.
- விற்றால் எத்தனை நாளில் பணம் கைக்கு வரும்.

முன்பணமாகப் ‘பதிவுக் கட்டணம்’, ‘மதிப்பீட்டுக் கட்டணம்’ கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. கியூஆர் கோடு அனுப்பி “ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வரும்” என்றால் சந்தேகமே வேண்டாம், மோசடி. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏலத்தில் ஆளை செட் பண்ணி விலை ஏற்றுவது பழைய வித்தை. அமெரிக்காவின் பிரபல விளையாட்டுப் பொருள் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ இதற்காகவே சிக்கினார். புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் அட்டையின் ஓரத்தை வெட்டிப் புதுசு போலக் காட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2015ல் 20 மாதச் சிறைத் தண்டனை. அந்த அட்டை 2007ல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியிருந்தது.

இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 64வது பிரிவில் ஏலத்துக்கென்றே விதி வைத்திருக்கிறது. விற்பவர் தானும் விலை கேட்கப் போவதாக முன்கூட்டியே அறிவிக்காமல், தானோ தன் ஆளை வைத்தோ கேட்கக் கூடாது. பொய்யாகக் கேட்டு விலை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். “நம்ம பையன்தான், ரெண்டு ரவுண்டு கேட்கச் சொல்லலாம்” என்று யாராவது யோசனை சொன்னால், பின்னால் வம்பில் மாட்டுவது நீங்கள்தான்.

இன்னொன்று, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள்கள் இதன் கீழ் வரக்கூடும். அப்படி வந்தால் தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இந்திய ஹாக்கி அணி முதல் ஒலிம்பிக் தங்கம் வென்றது 1928 ஆம்ஸ்டர்டாமில். அந்தப் பதக்கங்களுக்கு 2028ல் நூறு வயது. தாத்தா காலத்துப் பொருளை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருமான வரி விஷயத்தை, விற்ற பிறகு அல்ல, விற்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். சுழற்கோப்பை உங்கள் வீட்டு ஷோகேஸில் இருபது வருடம் இருந்தாலும் அது சங்கத்துக்கோ பள்ளிக்கோ சொந்தம். அண்ணன் தம்பி நால்வர் இருந்தால் அப்பாவின் மெடல் நால்வருக்கும் பொது. எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் இல்லாமல் விற்றால், பணத்தைவிடப் பெரிய சண்டை மிஞ்சும்.

ரசீது வாங்காததால் தொலைந்த வரலாறு

எல்லாரும் விற்கவே வேண்டும் என்பதில்லை. “அரசாங்கத்திடம் கொடுத்தால் பத்திரமாக இருக்குமே” என்று நினைக்கலாம். அப்படி நினைத்தவர்தான் பல்பீர் சிங் சீனியர். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹாக்கி வீரர். ஹெல்சிங்கி இறுதிப் போட்டியில் இந்தியா அடித்த 6 கோலில் 5 கோல் அவருடையது.

1985ல் டெல்லியில் விளையாட்டு அருங்காட்சியகம் அமைக்கப் போகிறோம் என்று கேட்டதால், தன்னுடைய 36 பதக்கங்கள், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கேப்டனாக அணிந்த கோட், நூற்றுக்கும் மேற்பட்ட அரிய புகைப்படங்கள் ஆகியவற்றை இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். அருங்காட்சியகம் வரவில்லை. 2012ல் லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த கண்காட்சிக்காக அவற்றைக் கேட்டபோதுதான், எதுவுமே இல்லை என்று தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டும், அமைச்சர்களைப் பார்த்தும் பலனில்லை. 2020 மே மாதம் அவர் காலமாகும்வரை அந்தப் பொக்கிஷம் அவர் கைக்குத் திரும்பி வரவேயில்லை.

மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே இந்தக் கதி என்றால், மாவட்ட அளவில் ஆடியவர்களின் பொருளுக்கு யார் பொறுப்பு? கொடுப்பது அரசு அலுவலகமாக இருந்தாலும் சரி, அருங்காட்சியகமாக இருந்தாலும் சரி, பொருள் வாரியாகப் பட்டியல் போட்டு முத்திரையோடு ரசீது வாங்குங்கள். நன்கொடையா இரவலா, கேட்டால் திருப்பித் தருவார்களா என்பதும் அதில் இருக்கட்டும்.

விற்பது கேவலமா?

1952 ஹெல்சிங்கியில் மல்யுத்த வெண்கலம் வென்ற கே.டி.ஜாதவ், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர். 2017ல் அவருடைய குடும்பம் அந்தப் பதக்கத்தை ஏலம் விடப் போவதாக அறிவித்தது. மகாராஷ்டிர அரசு அவர் பெயரில் கட்டித் தருவதாகச் சொன்ன மல்யுத்தப் பயிற்சி மையம் வரவில்லை, பதக்கத்தை விற்றாவது கட்டுகிறோம் என்றார்கள். “நாட்டின் பெருமையை விற்பதா?” என்று ஒரு பக்கம் கூப்பாடு. அந்தப் பெருமைக்கு அதுவரை அந்த ஊரில் ஒரு கட்டடம்கூட இல்லை என்பது அந்தக் கூப்பாட்டில் காணாமல் போனது.

என்னைக் கேட்டால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகவோ முழங்கால் ஆபரேஷனுக்காகவோ ஒரு வீரர் மெடலை விற்றால், அதில் அவர் வெட்கப்பட எதுவுமில்லை. வெட்கப்பட வேண்டியது, அவர் விளையாடியபோது கைதட்டிவிட்டு, விற்கப் போகும்போது சரியான விலை என்ன என்று சொல்லக்கூட ஆள் வைக்காத ஏற்பாடு. பவானி தேவியின் வாள் 1.25 கோடிக்குப் போனது சந்தோஷம். அதில் ஒரு பங்கு இங்கே வாள்வீச்சு பழகும் பிள்ளைகளுக்கு வந்திருந்தால் சந்தோஷம் இன்னும் கூடியிருக்கும்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் பிரிஸ்பேன் டெஸ்ட்வரை போனார். அதே மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து மாரியப்பன் மூன்று பாராலிம்பிக்கில் தங்கம், வெள்ளி, வெண்கலம் கொண்டுவந்தார். அடுத்தவர் இண்டூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ வரலாம். அவர் முதன்முதலில் ஆடிய போட்டியின் பனியன், நாளைக்கு அவருடைய மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளதாக இருக்கக்கூடும். அதை இன்று யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், நாளைக்கு அது வெறும் பழைய துணி.

இதற்குப் பெரிய அருங்காட்சியகம் எதுவும் இப்போதைக்கு வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். வீரர் தன் பொருளைக் கொண்டுவந்து காட்டினால், போட்டோ எடுத்து, போட்டி விவரத்தைச் சரிபார்த்து, எண் போட்டு ஒரு சான்று கொடுத்து அனுப்பட்டும். பொருள் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது அவர் பாடு.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வருகிற பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தும் அணிகளே ஆரம்பிக்கலாம். யார் ஆடினார்கள், எந்த எண் பனியன், யாருக்கு என்ன பரிசு என்று எழுதி, நடுவரிடம் கையெழுத்து வாங்கி, ஊர்ப் பள்ளியில் கொடுத்து வைத்தால் போதும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு தாராளம்.